இரண்டு செங்கல் உயரத்தில் சனி

கண்ணு,

வருகிற புதன்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். உன் அம்மா உன் பெட்டியை இதோடு நான்கு தடவை திறந்து மூடிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டை வெளியே வருகிறது, ஒரு பருப்புப்பொடி டப்பா உள்ளே போகிறது. இப்படியே போனால் அஸ்ஸாமில் நீ பருப்புப்பொடியைத்தான் உடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் பங்கை அவள் செய்கிறாள். அப்பன் பங்கு புத்தி சொல்வது. அதை நேரில் சொன்னால் "ஆகட்டுமுங்ப்பா" என்பாய். அந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று முப்பது வருஷம் மோட்டார் பம்பு விற்றவனுக்குத் தெரியாதா? "ஆளை விடு" என்று அர்த்தம். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் புத்திக்கு முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை வண்டி ஏற்றிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாய். "அப்பா, அங்க பயிற்சி வகுப்புல மொத நாள் நான் பேசப்போறது இதுதானுங்க. முப்பது பேரு, ஏழு பாஷை. எல்லாரும் அவங்கவங்க ஊருல போயி விண்வெளியப் பத்தி ஜனங்களுக்குச் சொல்லப்போறவங்க. சித்த படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாய். பெருமையாகத்தான் படித்தேன். நடுவில் ஒரு போட்டோ வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் உன் மாமன் ஊரில் தொலைநோக்கி வைத்துச் சனி கிரகம் காட்டினாயே, அன்றைக்கு எடுத்தது. படத்தில் ஓர் ஆள் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறான். வாய் திறந்திருக்கிறது. ஒரு கை வானத்தைக் காட்டுகிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: "மொழி தேவைப்படாத நொடி. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மில் தொழிலாளி சனியின் வளையத்தை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்துப் பேச்சிழந்து நிற்கிறார்." அதற்குக் கீழே, உன் வேலை முழுவதும் இந்த ஒரு நொடியிலிருந்து தொடங்கியது என்று இன்னொரு வரி.

"அடக் கெரகமே" என்று வாய்வரை வந்துவிட்டது. "என்னங்ப்பா?" என்று கேட்டாய். "நெம்ப நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். கண்ணு, அவன் பேச்சிழக்கவில்லை. நிறையப் பேசினான். அன்றைக்கு அங்கே கூடியிருந்த நூறு பேரில் உண்மை பேசினவன் அவன் ஒருத்தன்தான். அவன் சனியைப் பார்க்கவும் இல்லை. அன்றைக்கு அந்தக் குழாய் வழியாக உன்னைத் தவிர ஒருத்தருமே சனியைப் பார்க்கவில்லை. காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ எம்.எஸ்சி. முடித்திருந்த வருஷம். கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு வாரம். ஜனங்களுக்கு வானத்தைக் காட்ட வேண்டும் என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தாய். உன் மணி மாமன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "மாப்ள, நோட்டீசு ஒட்டுனா ஆடுதான் வரும், பசை நக்க. மனுசங்க வரோணும்னா வெத்தல பாக்கு வெச்சு ஊடு ஊடா அழைக்கோணும்" என்றான். "சனியப் பாக்க வாங்கன்னு சொல்லியா?" என்று நான் கேட்டேன். "அதைச் சொன்னா தாம்பாளத்தத் தொடுவாங்களா மச்சா? எங்க மாப்ள ஒரு விசேசம் வெச்சிருக்கறாப்ல, குடும்பத்தோட வந்துருங்கன்னு சொல்லிக்கறேன், கவலைய உடுங்க." சொன்னபடி உன் மாமனும் சரசு அத்தையும் ஊர் முழுக்கத் தாம்பாளத்தோடு போய் அழைத்துவிட்டு வந்தார்கள். தாய்மாமன் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் நம் ஜனம் என்ன நினைக்கும்? ஆறு மணிக்கே பட்டுச்சேலையில் வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் பழத்தட்டு கொண்டுவந்தார்கள். "பொண்ணு எந்த ஊருங்க?" என்று என்னிடமே கேட்டார் ஒருத்தர். அந்தப் பக்கம் அண்டாவில் அரிசிம்பருப்புச் சாதம் வெந்துகொண்டிருந்தது. நீ வெளிறிப்போய் நின்றாய். உன் நிச்சயதார்த்தம் உனக்கே தெரியாமல் நடக்கப் போகிறதோ என்று பயந்தாயோ என்னவோ.

பிறகு மைக்கைப் பிடித்தாய். "பெரியோர்களே, இன்று நாம் சூரியக் குடும்பத்தின் ஆறாவது கோளைக் காணவிருக்கிறோம். வாயுக்களால் ஆன இந்தப் பெருங்கோள்..." என்று ஆரம்பித்தாய். உன் மாமன் என் காதருகே வந்தான். "மச்சா, மாப்ள நல்லாத்தான் பேசறாப்ல. ஆனா தமிழ்ல பேசுனா தேவலைங்க." அப்போதுதான் நான் மைக்கை வாங்கினேன். வியாபாரி புத்தி, சும்மா இருக்காது. "ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கங்க, நம்ம பையன் காட்டப்போறது சனீஸ்வரனுங்க" என்றேன். நாலு பேர் எழுந்தார்கள். பழத்தட்டுக்காரர் தட்டையே திருப்பி எடுத்துக்கொண்டார். "அட உக்காருங்க! அவுரு நம்மளப் பாத்தாத்தானுங்க ஆகாது. இன்னைக்கு நாம அவுரப் பாக்கறமுங்க. குழாயில இந்தப் பக்கமிருந்துதான் தெரியும், அந்தப் பக்கமிருந்து அவுருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நீ என்னை முறைத்தாய். முறைத்தது நியாயந்தான்.

ஆனால் அடுத்து நான் சொன்னதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. "ஏழரை, ஏழரைன்னு பயப்படறமே, ஏன் ஏழரை? ஏன் எட்டு இல்ல? அவுரு சூரியன ஒரு சுத்து வர ஏறக்கொறைய முப்பது வருசமாகுதுங்க. பன்னெண்டு ராசிக்குப் பங்கு போட்டா ஒண்ணுக்கு ரெண்டரை. மூணு ராசின்னா ஏழரை. நம்ம முன்னாடி ஆளுக வெறுங்கண்ணுல பாத்தே இதைக் கணக்குப் போட்டு வெச்சுப்போட்டாங்க" என்றேன். கூட்டம் அப்படியே முன்னால் நகர்ந்து வந்தது. தெலுங்கு பேசும் வீட்டுக்காரர் ஒருத்தர் தெலுங்கில் சந்தேகம் கேட்டார், பம்பு விற்கப் போன ஊர்களில் கற்ற தெலுங்கிலேயே சொன்னேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, நான் ஜோசியம் சொல்ல வரலீங்ப்பா." "நானும் சொல்லலை சாமி. கணக்கத்தான் சொன்னேன். கல்யாணத்தைத் தள்ளிப்போடறது அவுரு வேலையில்லீன்னு நீ சொல்லு" என்று மைக்கை உன் கையிலேயே கொடுத்துவிட்டேன். நீ சொல்லவும் சொன்னாய், நன்றாகவே சொன்னாய். அதோடு உன்னைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். அப்படியானால் பரிகாரத்துக்குக் கொடுமுடிக் கோயிலுக்குப் போக வேண்டியதில்லையா, முப்பது வருஷத்தில் ஒரு சுற்று என்றால் அவர் மெதுவாகப் போகிறாரா தூரமாகப் போகிறாரா, என்று ஆளுக்கொரு கேள்வி. நீ ஏற்கெனவே தொலைநோக்கியைச் சரியாகத் திருப்பிச் சனியைப் பிடித்து வைத்திருந்தாய். கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாய்: "அப்பா, வரிசையா பாக்கச் சொல்லுங்க. தொடாதீங்க! பூமி சுத்திக்கிட்டே இருக்கும், நவுந்து போயிரும். நான் அப்பப்ப வந்து திருப்பி வெக்கறேன்." நான் கையைத் தூக்கி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டினேன்.

பூமி சுற்றுவது நம் ஜனத்துக்குத் தெரிந்தால்தானே! வரிசையில் முதலில் நின்றவர் பின்னால் திரும்பி, "நீங்க மொதல்ல பாருங்க" என்றார். "அட, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் பாக்கறதுங்களா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அம்மணி பாக்கட்டும்." "ஐயோ, ஆம்பளைங்க பாத்துட்டு வாங்க." இப்படி ஒருத்தரை ஒருத்தர் உபசரித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் போய்விட்டது. சனீஸ்வரன் என்ன மாப்பிள்ளையா, காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க? இதுவாவது பரவாயில்லை, நீ வந்து திருப்பி வைத்திருப்பாய். கடைசியில் பார்க்க ஒத்துக்கொண்டவர் எழுபது வயதுக்காரர். குனிந்து கண்ணை வைக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். விருந்தாளியாக நம் வீட்டுக்கு வந்த ஒறம்பரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. உன் மாமனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து உன் தொலைநோக்கியை அப்படியே ஸ்டாண்டோடு தூக்கி, காலுக்கு முட்டுக் கொடுத்து உயரம் ஏற்றினோம். மூன்று கால். கிடைத்தது இரண்டு செங்கல். மூன்றாவது காலுக்கு உன் மாமன் வெற்றிலைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தான். "ஜம்முனு நிக்குது மச்சா" என்றான். ஜம்மென்றுதான் நின்றது. ஊர்த் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் வரிசை சரசரவென்று நகர்ந்தது. ஒவ்வொருவராக நிமிர்ந்து நின்றபடி கௌரவமாகக் கண்ணை வைத்தார்கள். "தெரியுதுங்களா?" என்று கேட்டேன். "நெம்ப நல்லா இருக்குதுங்க." அடுத்தவர். "அருமைங்க." அதற்கடுத்தவர். "பையனை நல்லாப் படிக்க வெச்சிருக்கறீங்க." சரசு அத்தை இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு குழாயில் முகத்தை வைத்துவிட்டு, "கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க" என்றாள். சனி பார்வையிலிருந்து தப்பித்த நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. வெற்றிலை வைத்து அழைத்த வீட்டில், சாதம் வெந்துகொண்டிருக்கும் வாசனையில், உங்கள் குழாயில் ஒன்றும் தெரியவில்லை என்று யார் சொல்லுவார்கள்? கல்யாண வீட்டில் ரசத்தில் உப்பில்லை என்று யாராவது இலையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்களா? நீ தூரத்திலிருந்து சைகையில் கேட்டாய். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். உன் முகம் மலர்ந்துபோயிற்று.

பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கும் வடக்கத்திப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கு யாரும் வெற்றிலை வைக்கவில்லை. உன் மாமன்தான், "ஏப்பா, நீங்களும் வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். முதலில் வந்தவன் பெயர் சுதாம். கண்ணை வைத்தான். எடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "இல்ல" என்றான். "என்ன இல்ல?" "ஒண்ணும் இல்ல." அப்போது அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். மில்லில் கற்றுக்கொண்டது: வா, போ, எடு, வை, இல்ல. அதில் மரியாதைக்கு இடமேது? நான் சிரித்து மழுப்பினேன். அவன் விடவில்லை. குழாயின் முன்பக்கம் போய் நின்று, அது எங்கே பார்க்கிறது என்று பார்த்தான். டேங்க்கைக் காட்டினான். பிறகு வானத்தைக் காட்டினான். இந்தியில் படபடவென்று பேசினான். "சாப், பைப் உதர் ஹை, தாரா இதர் ஹை." குழாய் அங்கே இருக்கிறது, நட்சத்திரம் இங்கே இருக்கிறது. அந்த நிமிஷத்தில்தான் நீ தூரத்தில் நின்றபடியே அந்தப் படத்தை எடுத்தாய்; செங்கல் அதில் விழவில்லை.

மைக்கிலேயே என்னைக் கேட்டாய்: "அப்பா, அவரு என்னங்ப்பா சொல்றாரு?" அந்த மில் பையன்களை விட்டால் அந்தக் கூட்டத்தில் இந்தி தெரிந்தவன் நான் ஒருத்தன். நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லியிருந்தால் என்ன? நீ வந்து செங்கல்லைத் தள்ளிவிட்டு இரண்டு நிமிஷத்தில் திருப்பி வைத்திருப்பாய். நூறு பேரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதுவரை நன்றாக இருக்கிறது என்று சொன்ன அறுபது பேருக்கு முகம் எங்கே போகும்? உன் முகம் எங்கே போகும்? அதைவிட, தொடாதே என்று சொல்லியும் தொட்ட என் முகம்? "பேச்சே வரலியாமா கண்ணு!" என்று கத்தினேன். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. சுதாமும் எல்லாரையும் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் கூடவே கை தட்டினான். உன் மாமன் பந்தி தயார் என்று அறிவித்தான். எல்லாரும் எழுந்து போன பிறகு நான் செங்கல் இரண்டையும் தாம்பாளத்தையும் எடுத்து மறைத்துவிட்டேன். கடைசிப் பந்தியில் சுதாம் உட்கார்ந்திருந்தான். அவன் இலையில் நெய் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினேன். லஞ்சந்தான், வேறென்ன? அவன் சாப்பிடாமல் என்னை அண்ணாந்து பார்த்து, "தாரா?" என்றான். நாளைக்குக் காட்டுகிறேன் என்று இந்தியில் சொன்னேன். மறுநாள் காலையில் நாம் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டோம்.

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத பாடமா இது? கன்னட நாட்டில் ஓர் ஊரில் பம்பு ஓட்டிக் காட்டின கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் எப்போதும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். மூன்று பேஸ் கரண்ட் லைனில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. சத்தம் அதே சத்தந்தான், தண்ணீர் மட்டும் நூல் மாதிரி வருகிறது. நான் அதைக் கவனிக்காமல் அரைமணி நேரம் கன்னடத்தில் பிரசங்கம் பண்ணினேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்பிள்ளை மட்டும், "நீரு எல்லி?" என்று கேட்டாள். தண்ணீர் எங்கே? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே பம்பு வாங்கினது அவள் ஒருத்தி வீட்டில்தான். தலையாட்டினவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். நான் சொல்லாமல் விழுங்கின பாதி இதுதான்: அந்தப் பெண்ணை "உனக்கென்னம்மா தெரியும்" என்று எடுத்தெறிந்து பேசிவிட்டேன். சுதாமிடமும் அதையேதான் சிரித்த முகத்தோடு செய்தேன். முப்பது வருஷ அனுபவம் என்று மார்தட்டிக்கொள்கிறேனே, வெட்கக்கேடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. செங்கல் வைத்த பிறகு நான் குழாயில் பார்க்கவில்லையா என்று நீ கேட்பாய். பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் எனக்கு எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும்! கண்ணு, எனக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாது. இடதை மூடினால் வலதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் உன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடிக்கப் போனேன். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. "ஏனுங்க, தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டாள். நீ ஒன்பதாம் வகுப்பில் அந்தத் தொலைநோக்கியை வாங்கி மொட்டைமாடியில் வைத்து, "வளையம் தெரியுதுங்களாப்பா?" என்று முதன்முதலில் கேட்டபோது நான் பார்த்தது என் கண்ணிமையைத்தான். "ஜோரா தெரியுது கண்ணு" என்றேன். அன்றைக்குச் சொல்லிவிட்டேன், அப்புறம் எப்படி மாற்றுவது? வியாழனைக் காட்டினாய், தெரிந்தது. அதன் நிலாக்கள் எத்தனை என்று கேட்டாய். நாலு என்று எப்போதோ நீ படித்துச் சொன்னது ஞாபகம் இருந்ததால் நாலு என்றேன். "இன்னைக்கு ஒண்ணு மறைஞ்சிருக்கோணுமே, மூணுதானே தெரியோணும்" என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது ஏதோ பக்கத்து நட்சத்திரமாக இருக்கும், "அப்பாவுக்குக் கண்ணு நெம்பக் கூர்மை" என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னாயே! அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

உன் போட்டோவைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை உனக்குச் சொல்லாமல் காந்திபுரத்தில் பஸ் ஏறி மாமன் ஊருக்குப் போனேன். சுதாம் இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறான், இப்போது மேஸ்திரி. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "ஏனுங், வாங்க வாங்க! நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமுங்களா? டீ சாப்படலாமுங்க." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணை மூடிக் கேட்டால் நம் பங்காளிதான். "தம்பி, அன்னைக்கு அந்த டெலஸ்கோப்புல பாத்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இருக்காதுங்களா? நெம்ப நல்லா இருந்துச்சுங்க!"

போச்சு. இந்த உலகத்திலேயே எனக்கிருந்த ஒரே சாட்சியையும் நாலு வருஷத்தில் நம் ஊர் கெடுத்துவிட்டது. "சாமி, எங்கிட்ட மட்டும் அப்படிச் சொல்லாதீங்க. நெசத்தச் சொல்லுங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அப்புறம் சிரித்தான். "ஒண்ணுமே தெரியலீங்க. கறுப்பா இருந்துச்சுங்க. நீங்க நாளைக்குக் காட்டறேன்னீங்க. நானும் மக்காநாளு போயி நின்னேனுங்க. அந்தக் குழாய் ஊருக்குப் போயிருச்சுன்னாங்க. சரி, வருமோ என்னமோன்னு அதுக்கும் மக்காநாளு போயி நின்னேனுங்க." அவன் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன், கண்ணு. பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அதுவும் பொய்தான்.

இப்போது புத்தி. நீ போகிற இடத்தில் ஒவ்வொரு பாஷையிலும் ஒரு "நெம்ப நல்லா இருக்குதுங்க" இருக்கும். அஸ்ஸாமிய பாஷையில் அது என்னவென்று எனக்குத் தெரியாது, நீ போன முதல் வாரமே கண்டுபிடித்துவிடு. அதைக் கேட்ட இடத்தில் உடனே போய்க் குழாய் எங்கே பார்க்கிறது என்று பார். தெரிகிறதா என்று கேட்காதே. கேட்டால் தெரியும் என்றுதான் சொல்லுவார்கள், உன் அப்பன் சொல்லவில்லையா? மண்ணில் ஒரு குச்சியைக் கொடுத்து, பார்த்ததை வரைந்து காட்டச் சொல். டேங்க்கைப் பார்த்தவனால் சனியை வரைய முடியாது. உனக்காக மொழிபெயர்க்கிறவன் உன்மேல் பாசம் வைத்தவனாக இருக்க வேண்டாம். உன் முகம் வாடினால் தாங்கமாட்டேன் என்கிற ஆளை அந்த வேலைக்கு வைக்கவே வைக்காதே. ஜனங்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிற இடத்திலிருந்து ஆரம்பி. நம் ஊருக்கு ஏழரை மாதிரி அந்த ஊருக்கும் ஒன்று இருக்கும். அதில் எது கணக்கு, எது பயம் என்று நீதான் பிரித்துச் சொல்ல வேண்டும், மாமனாரிடம் பேசுவது மாதிரி பணிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தை எடுத்துவிடாதே, அதே இடத்தில் வை. கீழே எழுதியதை மட்டும் மாற்றிவிடு. "இவர் குழாய் தப்பாக இருக்கிறது என்று சொல்கிறார். என் அப்பா அதை எனக்குச் சொல்லவில்லை" என்று எழுது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கொஞ்சம் வருத்தம் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. சாயங்காலம் மாமன் வீட்டு வாசலில் தொலைநோக்கி வைக்க வேண்டும். சுதாமை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டேன். நானே மறுபடி போய்த் தாம்பாளத்தை நீட்டினேன். பெஞ்சாதி, குழந்தையோடு வருகிறான். மழை ஏமாற்றாமல் இருக்க வேண்டும். நீ பக்கத்திலேயே நில், மைக் வேண்டாம். செங்கல் பக்கம் உன் மாமன் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் அவன் பார்க்கட்டும். "நீங்க பாருங்க" என்று என்னிடம் உபசாரம் பண்ண ஆரம்பித்தால் பிடித்துக் குழாய் முன்னால் நிறுத்திவிடு.

அவனுக்கப்புறம் நான் பார்க்கிறேன். உன் அம்மா என் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீ பழையபடி "வளையம் தெரியுதுங்களாப்பா?" என்று கேள். தெரியவில்லை என்றால் இந்தத் தடவை தெரியவில்லை என்று சொல்லிப்போடுகிறேன். ஆனால் அப்போது உன் முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள், சாமி. அந்த முகத்துக்காகத்தான் பதின்மூன்று வருஷமாக எனக்கு எல்லாமே தெரிந்துகொண்டிருந்தது.

உன் அப்பா